தேயிலை சுவைக்கப் போகிறீர்களா? பையில் இவற்றை வையுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை இலங்கை மலைநாட்டின் நுவரெலியா, டிம்புல பக்கத் தேயிலைக்கு நல்ல பருவம். குளிர்ந்த, வறண்ட காற்றில் கொழுந்து மெதுவாக வளர்வதால் வாசம் கூடிவரும். ஃபெக்டரி பார்த்து, சுவைத்துவிட்டு வர இதுதான் நேரம்.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பதினொரு மணிக்கோ வெயில் சுள்ளென்று அடிக்கும். தடித்த ஜாக்கெட்டை விட, பருத்திச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போடுங்கள். ஃபெக்டரியில் சூடான உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போனதும் கழற்றத்தான் தோன்றும். குடையும் இருக்கட்டும்.

சென்ட், தைலம் இரண்டும் அன்றைக்கு வேண்டவே வேண்டாம். தேநீரைக் கரண்டியில் அள்ளி, சத்தம் வர உறிஞ்சும்போது வாசம் மூக்குக்கு ஏறும். சுவையில் பாதி அங்கேதான் தெரியும். கழுத்தில் தடவிய தைலம் அதை மறைத்துவிடும்.

வெறும் வயிற்றில் ஐந்தாறு கோப்பை வெறுந்தேநீர் குமட்டும். ஆகவே ரொட்டி கட்டிக்கொள்ளுங்கள். மிளகாய் இடித்த கட்டைச் சம்பலைத் திரும்பி வரும்போது சாப்பிடலாம், காரம் நாக்கை மரத்துப்போக வைத்துவிடும்.

அப்புறம், இறுக்கமான மூடியுள்ள வெறும் டின் ஒன்று. தேயிலை பக்கத்திலுள்ள மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒருமுறை வாங்கிய தேயிலையைச் சவர்க்காரத்தோடு ஒரே பையில் கொண்டுவந்தேன். அத்தனையும் சவர்க்காரமாகவே மணத்தது.