எத்தனையாவது நாள்? மூளைக் காயமும் கிளியா முன்னோடிச் செல்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுண்டெலியின் பெருமூளைப் புறணியில் மெல்லிய கத்தி முனையால் ஒரு சிறு கீறல். நான்காம் நாள் அந்த இடத்தைச் சீவி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், காயத்தைச் சுற்றிலும் அதன் உள்ளேயும் கிளியா முன்னோடிச் செல்கள் (நரம்புச் செல்களுக்குத் துணை நிற்கும் கிளியா செல்களை உண்டாக்குபவை) விளக்கடியில் ஈசல் போல மொய்த்து நிற்கும். அதே மாதிரிக் காயத்தை நான்கு வாரம் கழித்துப் பார்த்தால், செல்களின் நெருக்கம் காயம் படாத பகுதியில் இருக்கிற அளவுக்கே இறங்கியிருக்கும். முதல் படத்தை மட்டும் பார்த்தவர் "இவை காயத்தில் குவிகின்றன" என்று எழுதுவார். இரண்டாவதை மட்டும் பார்த்தவர் "காயம் இவற்றைப் பெரிதாகப் பாதிப்பதில்லை" என்பார். இருவரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இருவர் சொன்னதும் தவறு.

மூளைக் காயம் பற்றிப் படிக்கிற மாணவர்கள் விழுகிற முதல் பள்ளம் இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் கருத்து. அதனால் காலக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வளர்ந்த மூளையின் செல்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இந்த முன்னோடிகள்தான். நரம்புச் செல்களின் நீண்ட இழைகளான ஆக்ஸான்களுக்கு மையலின் என்ற கொழுப்பு உறை போர்த்துகிற ஆலிகோடெண்ட்ரோசைட்டுகளை உண்டாக்குவது இவற்றின் தலையாய வேலை. என்ஜி2 என்ற புரதத்தைச் சுமப்பதால் என்ஜி2 கிளியா என்றும் பெயர். அமைதியான மூளையில் இவை நாற்று நட்ட வயல் போல இடைவெளி விட்டுப் பரவியிருக்கும். ஒன்றின் கிளைகள் அடுத்ததன் எல்லைக்குள் நுழைவதில்லை. ஒரு நாற்று பட்டுப்போனால் உழவர் அங்கே இன்னொன்றை ஊன்றுவார் அல்லவா? இங்கே பக்கத்துச் செல்லே இரண்டாகப் பிரிந்து அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டுவைட் பெர்கிள்ஸின் குழு உயிருள்ள எலி மூளையில் இதை நேரடியாகப் பார்த்து 2013இல் வெளியிட்டது.

காயம் பட்டதும் இந்த ஒழுங்கு குலைகிறது. எல்லோருக்கும் முன்னால் ஓடி வருபவை மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா. சில நிமிடங்களிலேயே அவற்றின் கிளைகள் காயத்தை நோக்கி நீள்வதை 2005இல் வெளியான நேரடிப் படங்கள் காட்டின. முன்னோடிகள் அடுத்த ஓரிரு நாளில் கிளம்புகின்றன. சில உடல் பருக்கின்றன, சில கிளைகளைக் காயத்தின் பக்கம் திருப்புகின்றன, சில ஊர்ந்து போகின்றன, சில பிரிந்து பெருகுகின்றன, சில இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்தே செய்கின்றன. லெடா டிமூவின் குழு ஒரே எலியின் மூளையைப் பல வாரம் தொடர்ந்து படம் பிடித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை இந்த எதிர்வினை உச்சத்தில் இருந்தது. ஒன்றுக்கொன்று இடைவெளி விடும் கட்டுப்பாட்டையே செல்கள் அப்போது மீறியிருந்தன. அது பழைய நிலைக்குத் திரும்ப நான்கு வாரம் பிடித்தது.

இதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் வேறு. காயத்துக்கு அருகிலேயே இருந்தும் ஒரு சிறு பிரிவுச் செல்கள் அசையவே இல்லை. சராசரியை மட்டும் எடுத்து "முன்னோடிச் செல்கள் காயத்தை நோக்கி நகர்கின்றன" என்று ஒரே வரியில் எழுதினால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு செல்கள் ஏன் வெவ்வேறாக நடக்கின்றன என்ற கேள்வியே எழாமல் போய்விடும்.

எல்லாக் கிளியாவையும் ஒரே கூட்டமாகப் பேசுவதும் இதோடு சேர்ந்த தவறு. நரம்புச் செல்களைத் தாங்கி நிற்கும் நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட்டுகளும் காயத்துக்கு ஓடுகின்றன என்று பலர் எழுதுகிறார்கள். மியூனிக்கில் மக்டலேனா கெட்ஸின் குழு 2013இல் அவற்றை உயிருள்ள மூளையில் நாள்கணக்கில் பின்தொடர்ந்தபோது, அவை பருத்தன, கிளை நீட்டின, சில பிரிந்தன. இடம் மட்டும் பெயரவில்லை.

இனி எண்ணிக்கை. காயத்தைச் சுற்றி முன்பு பத்துச் செல் இருந்த இடத்தில் இப்போது முப்பது இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதலான இருபதும் அங்கேயே பிறந்தவையா, வெளியிலிருந்து வந்தவையா? சீவி எடுத்த ஒரு துண்டு இதற்குப் பதில் சொல்லாது. பிரியும் செல்லின் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும் பிஆர்டியூ போன்ற பொருளைச் செலுத்தினால் புதிதாகப் பிறந்தவை எவை என்று தெரியும், எங்கே பிறந்தன என்பது தெரியாது. அதை எப்போது செலுத்துகிறோம் என்பதும் முக்கியம். எலியைக் கொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரே ஊசியாகப் போட்டால் அந்த நேரத்தில் டிஎன்ஏவை நகலெடுத்துக்கொண்டிருந்த செல்கள் மட்டுமே சிக்கும். குடிநீரில் கலந்து ஒரு வாரம் கொடுத்தால் அந்த வாரம் முழுக்கப் பிரிந்தவை சிக்கும். இரண்டு கட்டுரைகளின் எண்கள் ஒத்துவரவில்லை என்று குழம்புமுன் இந்த ஒரு வரியைச் செய்முறைப் பகுதியில் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் முரண்பாடு அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது ஆள் மாறாட்டம். என்ஜி2 புரதம் இருந்தால் அது முன்னோடிச் செல் என்று முடிவுகட்டுவது அமைதியான மூளையிலேயே ஆபத்து, ஏனென்றால் நுண்குழாய்களைக் கட்டிப்பிடித்திருக்கும் பெரிசைட்டுகளிலும் அது உண்டு. காயத்துக்குப் பிறகு இரத்தத்திலிருந்து உள்ளே வந்து கழிவுகளை விழுங்கும் மேக்ரோஃபேஜுகளும் அதைக் காட்டக்கூடும். காயத்தின் நடுவில் என்ஜி2 ஒளிர்கிறது என்பதை மட்டும் வைத்து எழுதினால் மூன்று வகைச் செல்களை ஒரே பெயரில் எண்ணியிருப்போம். முன்னோடிகளின் இன்னொரு அடையாளமான ஆலிக்2 புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. அதுவும் போதாது, காயத்துக்குப் பின் சில ஆஸ்ட்ரோசைட்டுகளில் ஆலிக்2 தலைகாட்டும். இரண்டு மூன்று அடையாளங்கள் ஒரே செல்லில் பொருந்துவதே நம்பத்தக்க சான்று.

"முன்னோடி ஆஸ்ட்ரோசைட்டாக மாறியது", "நியூரானாக மாறியது" என்ற செய்திகளைப் படிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். 1983இல் மார்ட்டின் ராஃபின் குழு, எலியின் பார்வை நரம்பிலிருந்து எடுத்த முன்னோடி வளர்ப்புத் தட்டில் ஊட்டத்துக்கு ஏற்ப ஆலிகோடெண்ட்ரோசைட்டாகவோ ஒரு வகை ஆஸ்ட்ரோசைட்டாகவோ மாறுவதைக் காட்டியது. தட்டில் நடந்ததை அப்படியே காயம்பட்ட மூளைக்குப் பொருத்துகிறார்கள். புறணிக் கீறலில் செல்களைக் காலப்போக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை முன்னோடியாகவே நின்றன அல்லது ஆலிகோடெண்ட்ரோசைட் ஆயின. இப்படிப் பின்தொடர டாமாக்சிஃபென் என்ற மருந்தைக் கொடுத்து நிரந்தர மரபணு அடையாளம் இடுவார்கள். அதைக் காயத்துக்கு முன்பே இட்டிருக்க வேண்டும். பிறகு இட்டால், காயத்தின் விளைவாக முன்னோடிகளின் அடையாளப் புரதத்தைப் புதிதாக உண்டாக்கத் தொடங்கிய வேறு செல்லும் வலையில் விழுந்துவிடும்.

காயத்தில் கிளியா செல்கள் கட்டும் தழும்பை, ஆக்ஸான் மீண்டும் வளரவிடாத பகை என்று மட்டும் பார்ப்பது பழைய பழக்கம். என்ஜி2 புரதம் வளர்ப்புத் தட்டில் ஆக்ஸான் வளர்ச்சியைத் தடுத்ததால் முன்னோடிகளும் அந்தப் பகைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனால் மேலே சொன்ன 2021 ஆய்வில் பிரிந்து பெருகும் முன்னோடிகளை மரபணு வழியில் அழித்தபோது காயம் மூடுவதுதான் பாதிக்கப்பட்டது. தண்டுவடத்தில் ஆஸ்ட்ரோசைட் தழும்பே உருவாகாமல் தடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் ஆக்ஸான்கள் தானாக வளரவில்லை என்று 2016இல் மைக்கேல் சோஃப்ரோனியூவின் குழு காட்டியது. முதல் வாரத்தில் காயத்தை மூடும் வேலையும், மாதங்கள் கழித்து ஆக்ஸான் வளரவேண்டிய வேலையும் ஒரே அளவுகோலில் நிற்காது.

பெருகினால் குணமாகிவிடும் என்று நினைப்பது இதன் மறுபக்கம். பிரிவது ஒரு படி. முதிர்ந்து ஆலிகோடெண்ட்ரோசைட் ஆவதும், ஆக்ஸானைச் சுற்றி உறை போர்த்துவதும் தனித்தனிப் படிகள். அவை நாட்களில் முடிவதில்லை. மையலின் உறை சிதைகிற மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற நோய் கண்டவர்களின் நாட்பட்ட புண்கள் பலவற்றில் முன்னோடிகள் இருக்கவே செய்கின்றன, முதிராமல் நின்றுவிட்டிருக்கின்றன. அந்த நோயில் கிளெமாஸ்டைன் என்ற பழைய ஒவ்வாமை மருந்தை 50 பேருக்குக் கொடுத்து 2017இல் வெளியான சோதனையில் பார்வை நரம்பின் சமிக்ஞைத் தாமதம் சுமார் 1.7 மில்லிசெகண்ட் குறைந்தது. ஆராய்ச்சிக்கு அது பெரிய நம்பிக்கைதான். தலைக்காயம் பட்டவருக்கு மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்க அது காரணம் ஆகாது.

வீட்டில் விபத்தில் அடிபட்ட ஒருவர் படுத்திருக்கும்போது "மூளையில் முன்னோடிச் செல்கள் உண்டு, ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்துவிடுவார்" என்ற பேச்சு காதுக்கு இனிமையாக இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி நெறிகளின்படி, குறிப்பிட்ட சில நோய்களுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்றைத் தவிர வேறெந்த ஸ்டெம் செல் சிகிச்சையும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவம் அல்ல. முறையாகப் பதிவான சோதனைக்குள் மட்டுமே செய்யலாம். சோதனையில் பங்கேற்பவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டச் சொல்கிற இடத்தில் முதலில் கேட்க வேண்டியது சோதனையின் பதிவு எண்ணை.

கடைசியாக, சுண்டெலியின் நாட்காட்டியை மனிதருக்கு மாட்டுவது. சுண்டெலியின் வாழ்நாள் இரண்டு மூன்று ஆண்டுதான், மூளையில் மையலின் போர்த்திய ஆக்ஸான்கள் நிறைந்த வெண்பொருளின் பங்கும் மனிதரைவிட மிகக் குறைவு. அதன் நான்காம் நாள் நமக்கு எத்தனையாவது நாள் என்று பெருக்கிச் சொல்ல ஒரு வாய்ப்பாடும் கிடையாது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரீசெனின் குழு, அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14ஐ வைத்து மனித மூளைச் செல்களின் வயதைக் கணித்தது. 2014இல் வெளியான அந்தக் கணக்கின்படி, இரு அரைக்கோளங்களை இணைக்கும் நரம்புப் பாலத்தில் ஆலிகோடெண்ட்ரோசைட்டுகளின் எண்ணிக்கை ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய நிலைபெற்றுவிடுகிறது. பிறகு ஆண்டுக்கு 300இல் ஒன்றுதான் புதிதாகிறது. சுண்டெலியிலோ வளர்ந்த பின்பும் புதியவை மளமளவென்று சேர்ந்துகொண்டே இருக்கின்றன.