வீடியோ காலில் ஆச்சியை வைத்துக்கொண்டு வெள்ளைப் பணியாரம் சுடுவது எப்படி?

வெள்ளைப் பணியாரம், பச்சரிசியும் உளுந்தும் அரைத்து எண்ணெயில் சுடும் செட்டிநாட்டுப் பலகாரம். ‘மாவு தோசை மாவு பதத்தில் இருக்க வேண்டும்’ என்று அதன் எந்தக் குறிப்பிலும் போட்டிருக்கும். யார் வீட்டுத் தோசை மாவு? இந்த மாதிரி சந்தேகத்துக்குத்தான் கைப்பழக்கம் உள்ள ஒருவரை நேரலையில் கூப்பிட வேண்டும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சொந்தத்தில் ஓர் ஆச்சி இருந்தால் பிரச்சினையே இல்லை. இல்லாவிட்டால் ஆன்லைனில் கற்றுக்கொடுக்கும் சமையல்காரர்கள் இருக்கிறார்கள். கட்டணம் எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

1. நேரம் கேளுங்கள்
முகூர்த்த நாளில் கல்யாணச் சமையல்காரரைக் கூப்பிடாதீர்கள், போனை எடுக்க மாட்டார். சிங்கப்பூரில் இருப்பவர்கள் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

2. அளவைப் படம் எடுத்து அனுப்புங்கள்
ஆச்சிமார் சொல்வது ஆழாக்குக் கணக்கு: பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதே ஆழாக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். ஆழாக்கு சுமார் 168 மில்லி. கடையில் வாங்கிய கப்போ 240 மில்லி பிடிக்கும். கப் வாய் அகலமாக இருந்தால் கோபுரத்தில் உளுந்து கூடிவிடும். அதனால் குவித்த நிலையிலேயே படம் எடுத்து முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்.

3. அரைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்
அரிசியும் உளுந்தும் இரண்டு மணி நேரம் ஊறுவதை யாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். வாட்ஸ்அப்பில் அந்தத் தொல்லை கிடையாது. மிக்ஸி ஓடும்போது பேசுவதும் வீண்.

4. போனை வைக்கும் இடம்
நான் முதல் தடவை அடுப்புக்கு நேர் மேலே அலமாரியில் வைத்தேன். லென்ஸில் ஆவி படிந்து, ஆச்சிக்குத் தெரிந்தது வெறும் பனிமூட்டம். இப்போது ஒரு சம்படத்தில் சாய்த்து, பக்கவாட்டில், எண்ணெய் தெறிக்காத தூரத்தில் வைக்கிறேன். பின்பக்கக் கேமரா கடாயைப் பார்க்கட்டும். உங்கள் முகம் யாருக்கு வேண்டும்? ஜன்னல் வெளிச்சம் கடாய்மேல் விழ வேண்டும், கேமராவுக்கு எதிரே வரக்கூடாது.

5. காட்டுங்கள், சொல்லாதீர்கள்
‘மாவு சரியா இருக்கா ஆச்சி?’ என்று கேட்டால் பதில் வராது. கரண்டியில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் காட்டுங்கள். மாவில் சேர்ப்பது உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, தேவைக்குப் பால். பாலை ஒவ்வொரு ஸ்பூனாக விடும்போதும் இதையே செய்யுங்கள். மாவு நீர்த்தால் எண்ணெயில் பிரிந்து ஓடும். கெட்டியானால் பணியாரம் கல்லாகும்.

ஒன்று கவனியுங்கள்: எண்ணெய்ச் சத்தத்தை வைத்தே ஆச்சிமார் சூட்டைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் வீடியோ கால் செயலிகள் அதைப் பின்னணி இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ வசதியைப் போட்டால் கேட்கும். மற்றவற்றில் சொட்டு மாவு விட்டு, அது எழும்பி வரும் வேகத்தைக் காட்டுங்கள்.

நிறத்திலும் கேமராவை நம்பாதீர்கள். வெள்ளைப் பணியாரம் சிவக்கவே கூடாது. மஞ்சள் பல்பின் கீழ் எல்லாமே சிவந்த மாதிரித்தான் தெரியும். பக்கத்தில் வெள்ளைத் தட்டு ஒன்றை வைத்தால் அவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

6. ஒவ்வொன்றாக ஊற்றுங்கள்
முதல் பணியாரம் உப்பி, ஓரம் விரிந்து, ‘திருப்பு’ என்று குரல் வரும்வரை அடுத்த கரண்டியைத் தொடாதீர்கள். அது சரியாக வந்ததும், எத்தனை ஸ்பூன் பால் விட்டீர்கள் என்பதை அப்போதே காலண்டர் ஓரத்தில் எழுதிவையுங்கள்.