மாற்றிய டர்போவுக்கு முதலில் ஆயில், பிறகுதான் ஓட்டம்

புகைக்காற்றின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை மாற்றிக் கொடுத்ததும் "எத்தனை கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட வேண்டும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மன்னார்குடியில் டீசல் வண்டிகளோடே பொழுதைக் கழிக்கும் எனக்கு அது பாதிக் கேள்வியாகவே படுகிறது. பிஸ்டன் ரிங் மாதிரி ஓடி ஓடிப் படிய வேண்டிய உறுப்பு டர்போவில் இல்லை. அதன் சுழல்தண்டான ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதந்து, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்தப் படலம் சில விநாடிகள் இல்லாவிட்டால் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் தீய்ந்துவிடும்.

பழையது ஏன் போனது என்று தெரியாமல் புதியதைப் பூட்டாதீர்கள். ஆயில் வரும் பைப்பைக் காற்றடித்துத் திரும்ப மாட்டுவது பலருக்கு வழக்கம். உள்ளே கரிந்து ஒட்டிய கசடு காற்றுக்கெல்லாம் அசையாது. பைப்பையும் ஆயில் பாயும் அதன் துளை போல்ட்டையும் புதிதாகப் போடுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த இணைப்புகளில் கசிவடைக்கும் பேஸ்ட் தடவக் கூடாது. பிதுங்கிய துணுக்கு கழன்று துளையை அடைக்கும். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்து, தேங்கிய ஆயிலை வடித்துவிடுங்கள். விட்டுவைத்தால் டீசல் இன்ஜின் அதையே எரித்து, சாவியை அணைத்த பின்னும் தறிகெட்டு ஓடக்கூடும். இன்ஜின் ஆயில், ஃபில்டர் இரண்டும் புதிதாக இருக்கட்டும்.

இனிதான் முக்கியமான வேலை. டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான இன்ஜின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காற்றைத் தள்ளும் கம்ப்ரஸர் வீலை விரலால் மெல்லச் சுற்றுங்கள். முதலில் வறட்டென்று சுற்றும்; ஆயில் உள்ளே இறங்கியதும் விரலுக்கு வழவழப்புத் தெரியும். ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் இம்மியளவு ஆடும், பயப்பட வேண்டாம். முன்னும் பின்னும் கைக்குத் தெரிகிற அளவு ஆடினால் மாட்டாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பைப்பை முடுக்கிய பிறகு, இன்ஜின் பிடிக்காதபடி டீசல் வரத்தை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடியாக, இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். ஆயில் விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்து, சில நிமிடங்கள் ஐடிலிலேயே விடுங்கள். ஆக்சிலரேட்டர் பக்கம் கால் போகவே கூடாது. சைலன்சரில் தங்கிய பழைய ஆயில் எரிந்து கொஞ்சம் புகை வரும், பிறகு நின்றுவிடும். நீலப்புகை ஓயாவிட்டால், ஆயில் கீழே இறங்கும் பைப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் ஓட்டத்துக்கு வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் போய்வருவது எனக்குப் பிடித்த பாதை. மேடு பள்ளமில்லாத டெல்டாச் சாலை இதற்குத் தோது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்காதீர்கள், நெல் மூட்டை ஏற்றாதீர்கள், டாப் கியரில் திணறவிடாதீர்கள். வந்து நின்றதும் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். சூடான ஷாஃப்ட்டில் ஆயில் நின்றுபோனால் கரியாகும். ஆறியபின் எல்லா இணைப்புகளிலும் கசிவு பாருங்கள்.

அறுவடைக் காலமானால் ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். சாலையில் காயும் நெல்லின் பதரும் தூசியும் அதை வெகு சீக்கிரம் அடைத்துவிடுகின்றன.