கையெழுத்திட்ட பேஸ்பால் வாங்குகிறீர்களா? முதலில் பந்தைத் திருப்பிப் பாருங்கள்

சாட்செல் பெய்ஜ் பெயர் எழுதிய பந்து ஒன்று என்னிடம் இருக்கிறது. அமெரிக்காவின் உச்சகட்ட பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக்கின் கதவு கறுப்பின வீரர்களுக்கு மூடியிருந்த காலத்தில், அவர்களுக்கென்று இருந்த நீக்ரோ லீக்குகளில் கொடிகட்டிப் பறந்த பிட்சர் (பந்து வீசுபவர்) அவர். கதவு திறந்து அவர் 1948இல் உள்ளே வந்தபோது வயது 42. அவர் கை பட்ட பந்து என்று நம்பி, ஒரு மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கினேன். அந்தக் கையெழுத்து போலி. அது எப்படித் தெரிந்தது என்பதை இரண்டாம் படியில் சொல்கிறேன். இந்தப் பதிவில் அதுதான் முக்கியம்.

படி 1: யாரிடமிருந்து தொடங்குவது

பாப் ஃபெல்லர். என் பதில் எப்போதும் இவர்தான். இவரும் பிட்சர்தான்; 1940இல் சீசனின் முதல் நாள் ஆட்டத்திலேயே நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கிடைக்காத ஆட்டம்) வீசியவர், பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்ததும் கடற்படையில் சேர்ந்தவர், 266 வெற்றிகள். ஓய்வு பெற்ற பிறகு 2010இல் இறக்கும்வரை கேட்டவர்களுக்கெல்லாம் சலிக்காமல் கையெழுத்துப் போட்டார். அதனால் அவருடைய பந்துகள் தாராளமாகக் கிடைக்கின்றன, விலையும் குறைவு. மலிவாகக் கிடைப்பதைப் போலி செய்து யாருக்கும் பெரிய லாபம் இல்லை என்பதால், புதிதாகச் சேர்ப்பவருக்கு இதுவே பாதுகாப்பான இடம்.

அந்தக் காலத்துப் பெரிய பிட்சர்களான கிறிஸ்டி மேத்யூசன், வால்டர் ஜான்சன் பெயர்களில் குறைந்த விலைக்கு ஏதாவது வந்தால் தொடவே வேண்டாம். மேத்யூசன் 1925இல் இறந்தவர். அவருடைய உண்மையான பந்துகள் பெரிய ஏலங்களில்கூட அபூர்வமாகத்தான் வரும்.

படி 2: பந்தைப் படிப்பது

நான் தடுக்கி விழுந்த இடம் இது. விற்றவர் அனுப்பிய மூன்று படங்களிலும் ஸ்வீட் ஸ்பாட் மட்டும்தான் தெரிந்தது. இரண்டு தையல்களும் நெருங்கி வரும் அந்தக் குறுகிய பகுதியில்தான் தனிக் கையெழுத்தைப் போடுவார்கள். இரவெல்லாம் அந்த எழுத்தை மற்ற பெய்ஜ் கையெழுத்துகளோடு ஒப்பிட்டேன். வளைவு, சாய்வு எல்லாம் பொருந்தியது. சரி என்று வாங்கிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு கண்காட்சியில் வயதான சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டினேன். அவர் கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. பந்தைத் திருப்பி, பின்பக்கம் அச்சாகியிருந்த பெயரைப் படித்தார். "பெய்ஜ் எந்த வருஷம் இறந்தார்?" என்று கேட்டார். 1982 என்றேன். பந்தில் இருந்த பெயர் பாபி பிரவுன். அவர் மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் தலைவரானதே 1984இல்.

விஷயம் இதுதான். 1999 வரை அமெரிக்கன் லீக்குக்கு ஒரு பந்து, மற்றொரு பிரிவான நேஷனல் லீக்குக்கு வேறொரு பந்து. அந்தந்த லீக் தலைவரின் கையெழுத்து பந்திலேயே அச்சாகியிருக்கும். அமெரிக்கன் லீக்கில் ஜோ குரோனின் 1959 முதல் 1973 வரை, லீ மெக்ஃபெயில் 1974 முதல் 1983 வரை, அப்புறம் பாபி பிரவுன் 1994 வரை. நேஷனல் லீக்கில் வாரன் கைல்ஸ் 1951 முதல் 1969 வரை, சப் ஃபீனி 1970 முதல் 1986 வரை, அடுத்து பார்ட் ஜியாமட்டி, பில் வைட். 2000 முதல் இரண்டு லீக்குக்கும் ஒரே பந்து. அதில் மேஜர் லீக் முழுவதற்கும் தலைவரான கமிஷனர் பட் சீலிக் பெயர் இருக்கும், 2015 முதல் ராப் மான்ஃப்ரெட் பெயர்.

பழைய பந்தில் பிற்காலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் தவறில்லை. இறந்தவர், தான் இறந்த பிறகு செய்த பந்தில் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் இந்தச் சோதனையில் தேறிவிட்டதாலேயே பந்து உண்மையாகிவிடாது. விவரம் தெரிந்த போலிக்காரர்கள் பழைய வெற்றுப் பந்துகளைத் தேடி வாங்குகிறார்கள். அதனால், பந்தின் எல்லாப் பக்கமும் தெரியும் படம் கேளுங்கள். தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

படி 3: மை

நேரில் வாங்கப் போகிறவர்களுக்கு: நீல நிற பால்பாயிண்ட் பேனா. வேறு எதுவும் வேண்டாம். ஷார்ப்பி மாதிரியான மார்க்கரின் மை தோலில் ஊறிப் பரவும். சில வருடத்தில் எழுத்தின் ஓரம் கசிந்துவிடும். பேனாவை நீங்களே கொண்டுபோங்கள். ஜூலையில் ஹால் ஆஃப் ஃபேம் (சிறந்த பேஸ்பால் வீரர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகம்) விழா நடக்கும் வார இறுதியில், அது இருக்கும் நியூயார்க் மாநில ஊரான கூப்பர்ஸ்டவுனின் மெயின் ஸ்ட்ரீட் கடைகளில் பழைய வீரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுவார்கள். கண்ணெதிரே போடுவதைப் பார்த்து வாங்குவதற்கு ஈடு எதுவும் இல்லை.

உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னால் விற்கும்போது விலை குறையும். எனக்குக் கவலையில்லை, நான் விற்பதற்காகச் சேர்க்கவில்லை.

படி 4: சான்று

பந்தோடு வரும் காகிதச் சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 1990களில் எஃப்பிஐ நடத்திய ஆபரேஷன் புல்பென் விசாரணையில் பிடிபட்ட போலிகளில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பாலும் ஒன்று! கையெழுத்துகளைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனங்களான பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் ஆகிய மூன்றில் ஒன்றின் சான்று இருந்தால் மட்டும் வாங்குகிறேன். ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அவர்களுடைய தளத்தில் போட்டுப் பார்த்து, அங்கே வரும் விவரமும் கையிலுள்ள பந்தும் ஒன்றுதானா என்று பாருங்கள். இவை பெரும்பாலும் நிபுணர் கருத்துதான். 2001இல் மேஜர் லீக் தொடங்கிய ஹாலோகிராம் முறையில், அவர்களுடைய ஆள் நேரில் பார்த்த பிறகே ஸ்டிக்கர் ஒட்டப்படும். அதனால் இரண்டும் கிடைத்தால் ஹாலோகிராம் பந்தைத்தான் எடுப்பேன்.

படி 5: வைக்கும் இடம்

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போன்ற பெட்டி, வெயில் படாத அலமாரி. அவ்வளவுதான்.

பிற்சேர்க்கை 1: பந்தில் யார் பெயருமே இல்லை, 'அஃபிஷியல் லீக்' என்று மட்டும் இருக்கிறது என ஒருவர் எழுதினார். அது மேஜர் லீக் பந்து அல்ல. கையெழுத்து உண்மையாக இருக்கலாம், ஆனால் இரண்டாம் படியின் கணக்கு அங்கே உதவாது. சான்றை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும்.

பிற்சேர்க்கை 2: மஞ்சளான பந்தை ரப்பரால் தேய்த்த ஒருவருக்கு மையும் சேர்ந்து போய்விட்டது. தயவுசெய்து எதனாலும் தேய்க்காதீர்கள். தோல் மஞ்சளாவது இயல்புதான்.

பிற்சேர்க்கை 3: ஃபெல்லரில் தொடங்கச் சொன்னேன் அல்லவா, ஒரு வாசகி அப்படியே ஒன்றுக்கு ஆர்டர் போட்டார். பார்சல் வந்ததும் திருப்பிப் பார்த்திருக்கிறார், மான்ஃப்ரெட் பெயர். ஃபெல்லர் இறந்த வருடத்தையும் மான்ஃப்ரெட் பதவிக்கு வந்த வருடத்தையும் எழுதி அன்றே திருப்பி அனுப்பினார். நான்காம் நாள் முழுப் பணமும் வந்துவிட்டது.