குறைந்த பணத்தில் மனை வாங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

கையில் இரண்டு, மூன்று லட்சத்தோடு மனை தேடுபவர்கள் முதலில் போய் விழுவது தவணைத் திட்டத்தில்தான். மாதாமாதம் கட்டி வாருங்கள், கடைசித் தவணை முடிந்ததும் பத்திரம் என்பார்கள் மனை விற்பவர்கள். அதுவரை உங்களிடம் இருப்பது ரசீதுப் புத்தகம் மட்டும். நிலம் அவர்கள் பெயரில் இருப்பதால் இடையில் அதை அடமானம் வைக்கலாம், வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. மனைப்பிரிவின் ரெரா பதிவு எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் அந்த இடத்தை அத்தோடு விட்டுவிடுங்கள்.

“பஞ்சாயத்து அப்ரூவல் போதும்” என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் வேண்டும், சென்னைப் பெருநகர்ப் பகுதி என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம். அது இல்லாத மனைக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், வீடு கட்ட அனுமதியும் கிடைக்காது. விலை மலிவாக இருப்பதே அதனால்தான்.

அடுத்தது, சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று. அதில் ஒன்றும் இல்லை என்றதும் பலர் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பதிவான பத்திரங்கள் மட்டும்தான் அதில் வரும். ஓர் இந்துக் குடும்பத்தில் அப்பா சுயமாக வாங்கிய நிலம். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இரண்டு மகன்கள் சேர்ந்து விற்கிறார்கள் என்று வையுங்கள். அம்மாவுக்கும் கட்டிக்கொடுத்த மகளுக்கும் அதில் சம பங்கு உண்டு. ஆனால் வில்லங்கத்தில் அவர்கள் பெயரே தெரியாது. நீங்கள் வாங்கி வேலி போட்டபின் பாகப்பிரிவினை வழக்கு வரும். தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்), பட்டா, வாரிசுச் சான்று மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். அதற்கு ஆகும் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீர்கள்.

சரி, மனை 10 லட்சம் என்றால் 10 லட்சம் போதுமா? முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 90,000 ரூபாய் தனியாக வேண்டும். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. இந்தச் செலவுக்காக நகைக்கடன், பர்சனல் லோன் என்று இறங்குவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. காலி மனை வாடகை தராது, வட்டி உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும்.

அந்த அளவுக்குப் பணம் இல்லை என்றால் ரீட் (கட்டடங்களில் முதலீடு செய்யும் அறக்கட்டளை) யூனிட்டுகளைப் பாருங்கள். அலுவலகக் கட்டடங்களின் வாடகை வருமானத்தில் பங்கு கிடைக்கும். பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு இருந்தால் ஒரு யூனிட்கூட வாங்கலாம். ஆனால் சந்தையில் பங்கு விலை போலவே இதுவும் ஏறும், இறங்கும். வைப்புத்தொகை என்று நினைத்து அவசரத்துக்கு வைத்த பணத்தை அதில் போடாதீர்கள்.