எலியை முடிக்கற முறையே இன்ஃப்ளமேஷன் (அழற்சி) ரீடிங்கை மாத்திடும்: லேபுக்கு புதுசா வந்தவங்களுக்கு

லேப்ல சேர்ந்த புதுசுல நாங்க பண்ண கூத்து இது. மருந்து போட்ட எலியை (சுண்டெலி, அதாவது மவுஸ்) எல்லாம் ஐசோஃப்ளூரேன்ங்கற மயக்க மருந்துல முடிச்சுட்டு, அதாவது கொன்னுட்டு, நேரமாச்சுன்னு கன்ட்ரோல் எலியை (ஒப்பிட வச்சிருக்கற, மருந்து போடாத எலி) மட்டும் கார்பன் டை ஆக்சைடு பெட்டில போட்டுட்டோம். அப்புறம் பார்த்தா ஒண்ணுமே பண்ணாத கன்ட்ரோலோட நுரையீரல்ல அங்கங்க சிவப்பு சிவப்பா புள்ளி, ஏதோ இன்ஃபெக்ஷன்னு கூண்டையே சந்தேகப்பட்டு ரெண்டு நாள் அலைஞ்சோம். கடைசில அது கார்பன் டை ஆக்சைடு கேஸ் பண்ண ரத்தக்கசிவு.

அதனால முதல் வேலை, எந்த உறுப்புல என்ன அளக்கப்போறீங்கன்னு எழுதுங்க, முறையை அதுக்கப்புறம் முடிவு பண்ணி எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்குங்க. நுரையீரல்தான் முக்கியம்னா கேஸ் வேண்டாம், கழுத்தை முறிக்கறதும் வேண்டாம், அதுலயும் நெஞ்சுக்குள்ள ரத்தம் கசியலாம். வயித்து உள்வெளியை (குடலைச் சுத்தி இருக்கற இடம்) கழுவி செல் எண்ணப்போறீங்கன்னா பென்டோபார்பிட்டால்ங்கற மயக்க மருந்தை அதுக்குள்ள ஊசியா போடாதீங்க, அது நல்ல காரத்தன்மை (ஆல்கலைன்) உள்ள மருந்து, நீங்க அளக்கப்போற இடத்தையே எரிச்சல் பண்ணிடும்.

ரத்தத்துல ஐஎல்-6, டிஎன்எஃப் ஆல்ஃபா (இன்ஃப்ளமேஷனைக் காட்டற புரதங்கள்) பார்க்கணும்னா ஆழமா மயக்கி, காலை கிள்ளினாலும் அசையலன்னு உறுதி பண்ணிட்டு இதயத்துல இருந்து ரத்தம் எடுக்கறது வழக்கம், ஒரு எலிக்கு 0.5ல இருந்து 1 மில்லி வரைக்கும் கிடைக்கும். (ஊசி பிடிக்க பழகினவங்க பக்கத்துல நின்னு கத்துக்கங்க, பிளாக் படிச்சு செய்யற வேலை இல்ல இது.) இதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, மயக்க மருந்துங்களான ஐசோஃப்ளூரேன், கெட்டமின் ரெண்டுமே இன்ஃப்ளமேஷனை கொஞ்சம் அடக்கற ஆளுங்க. ஒரு எலி 2 நிமிஷம் மயக்கத்துல, இன்னொண்ணு 15 நிமிஷம்னா ரெண்டையும் எப்படி ஒப்பிடுவீங்க? ஸ்டாப்வாட்ச் வச்சுக்கங்க.

கார்பன் டை ஆக்சைடு கேஸ்தான்னு முடிவாச்சுன்னா பெட்டியை முன்னாடியே நிரப்பி வைக்காதீங்க. ஏவிஎம்ஏ (அமெரிக்க கால்நடை மருத்துவர் சங்கம்) 2020 வழிகாட்டில நிமிஷத்துக்கு பெட்டி கொள்ளளவுல 30ல இருந்து 70 சதவீதம்னு இருக்கு, அதாவது 10 லிட்டர் பெட்டிக்கு நிமிஷத்துக்கு 3ல இருந்து 7 லிட்டர். ஃப்ளோ மீட்டர் இல்லாம காதுல சத்தம் கேட்டு அட்ஜஸ்ட் பண்றவங்களை பார்த்திருக்கேன், தயவுசெஞ்சு வேண்டாம்.

அடுத்து நேரம், எல்லாரும் கோட்டை விடற இடம் இதுதான். கூண்டை திறந்து கலைச்ச 3 நிமிஷம் தாண்டினாலே ரத்தத்துல கார்டிகோஸ்டீரோன் ஏற ஆரம்பிச்சுடும், அதுவும் இன்ஃப்ளமேஷனை அடக்கற ஹார்மோன்தான், அப்போ கூண்டுல கடைசியா எடுக்கற எலி முதல் எலி மாதிரி இருக்காது. போதாக்குறைக்கு எலி ராத்திரி பிராணி, லைட் அணையற நேரம் நெருங்க நெருங்க இந்த ஹார்மோன் தானாவே ஏறும். காலைல கன்ட்ரோல், சாயந்திரம் மருந்து எலின்னு வச்சீங்கன்னா நீங்க அளந்தது கடிகாரத்தை. வரிசையை குலுக்கி போட்டு மாத்தி மாத்தி எடுங்க, ஒண்ணை முடிக்கறப்போ மத்தது அதே ரூம்ல இருக்க வேண்டாம்.

எடுத்த திசுவை ஆர்என்ஏக்குன்னா உடனே திரவ நைட்ரஜன்ல போடுங்க. சீரமா (ரத்தம் உறைஞ்ச பிறகு பிரியற தெளிவான நீர்) பிளாஸ்மாவான்னு (உறையாம தடுத்துப் பிரிச்சது) ஒண்ணுல நில்லுங்க, ரெண்டையும் கலக்காதீங்க.

நான் ஒவ்வொரு எலிக்கும் எழுதற வரி இப்படி இருக்கும்: எலி 7, கூண்டு 2, திறந்தது 10:04, மயக்கம் 10:05, ரத்தம் 10:08, கல்லீரல் நைட்ரஜன்ல 10:11, ரத்தம் லேசா உடைஞ்சிருக்கு (சிவப்பணு சிதைஞ்சிருக்கு).