பழைய ஜப்பான் வீணை கையில் கிடைத்தால் யாரிடம் காட்டுவது?

வடசென்னையில் இப்படி ஒரு பொருள் அகப்படுவது அதிசயமே இல்லை. பக்கத்திலேயே துறைமுகம். கப்பலில் வேலை பார்த்த தாத்தா கொண்டுவந்தது ராயபுரத்து வீட்டுப் பரணில் கிடக்கும், இல்லையென்றால் காயலான் கடையில் "ஏதோ சைனா வீணை சார்" என்று எடுத்து நீட்டுவார்கள். கிடைத்துவிட்டதா, சரி, தயவுசெய்து முதலில் எதுவுமே செய்யாதீர்கள். எண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள், ஃபெவிகால் வைக்காதீர்கள், முக்கியமாக கிடார் கம்பி மாட்டாதீர்கள். பட்டு நரம்புக்காகச் செய்த வாத்தியம் அது, ஸ்டீல் கம்பி இழுக்கிற இழுப்பில் கம்பி கட்டும் கட்டை பலகையோடு பிய்ந்து வந்துவிடும்.

அடுத்து, அது என்ன வாத்தியம் என்று பாருங்கள். டைப்ரைட்டர் மாதிரி கட்டை இருந்தால் அது பெரும்பாலும் நம்ம ஏரியா கச்சேரிகளில் வாசிக்கிற புல்புல்தாரா, அதற்கு இந்த ஊரிலேயே ஆள் உண்டு. நீளக் கழுத்து, மூன்று நரம்பு, மெட்டே (கழுத்தில் விரல் வைத்து அழுத்த நிற்கும் குறுக்குக் கட்டை) கிடையாது, சதுரப் பெட்டியில் தோல் போர்த்தியிருக்கிறது என்றால் சாமிசென். தோல் பாம்புத் தோலாக இருந்தால் அது ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவின் சான்ஷினாக இருக்கலாம். பேரிக்காய் வடிவம், முகப்பலகையில் இரண்டு பிறைத் துளை, தலை பின்பக்கமாக மடங்கியிருக்கிறது என்றால் பிவா. மெட்டு வரிசையாக நிறைய இருந்தால் சீனத்துப் பிபா, பிவாவில் நாலோ ஐந்தோதான் இருக்கும். ஜப்பானில் சரஸ்வதிக்குப் பெயர் பென்சாய்தென், அந்த அம்மன் கையில் இருப்பது இந்தப் பிவாதான் என்பதை நினைத்தாலே எனக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிடுகிறது.

பிவாவிலும் வகை உண்டு. நாலு நரம்பு, நாலு மெட்டு, மெட்டுகள் உயரமாக நிற்கின்றன, உடம்பு முழுக்கக் கெட்டியான முசுக்கொட்டை மரம் என்றால் பெரும்பாலும் சாத்சுமா பிவா. அதே நாலுக்கு நாலு, ஆனால் மெட்டு குட்டையாக இருந்தால் அரசவை இசைக்கான காகு பிவாவாக இருக்கலாம். ஐந்து மெட்டு, முகப்பலகை வெளிறிய, நகம் பட்டாலே பதிகிற மெத்தென்ற பவுலோனியா மரம் என்றால் சிகுசென் பிவா, இது மேஜி பேரரசர் காலத்தில் (1868–1912) ஜப்பானின் ஃபுகுவோகா பக்கம் உருவானது.

இப்போது போட்டோ. வெயில் நேராகப் படாத மொட்டை மாடி நிழலில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, முன், பின், பக்கவாட்டு, தலை, பிருடைகள் (நரம்பை முறுக்கும் ஆணிகள்), ஒவ்வொரு மெட்டு, விரிசல், உளு அரித்த துளை எல்லாம் தனித்தனியாக எடுங்கள். பிறைத் துளை வழியாக செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள், நரம்பு கட்டும் கட்டைக்கு அடியில் மறைவாக இன்னொரு துளை இருக்கும், அதையும் பாருங்கள். எழுத்தோ முத்திரையோ தெரிந்தால் சுரண்டாமல் அப்படியே படம் பிடித்து, சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற இடத்தில் காட்டினால் படிக்கத் தெரிந்தவர் யாராவது கிடைப்பார்.

நீங்களே ஒப்பிட நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் இணையத் தொகுப்பு போதும், பிவா, சாமிசென் படங்கள் அங்கே இலவசம். இனம் காண ஜப்பானில் உள்ள ஹமமாத்சு இசைக்கருவி மியூசியத்துக்கு எழுதிக் கேளுங்கள். பழுது என்று வந்தால் பிவாவுக்கு டோக்கியோ தோரனோமோனில் உள்ள இஷிதா பிவா கடை, தலைமுறைகளாக அதையே செய்துவருபவர்கள். கடிதம் சின்னதாக, முடிந்தால் ஜப்பானிய மொழியில் இருக்கட்டும்: எங்கே கிடைத்தது, என்ன அளவு, என்ன உடைந்திருக்கிறது, வாசிக்க வேண்டுமா பாதுகாத்தால் போதுமா. அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் செலவைக் கேட்காதீர்கள், வேலையே அதை வைத்துத்தான் மாறும்.

உள்ளூர் ஆட்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நல்ல வீணை ஆசாரி விரிசலைப் பார்த்து அது ஓடுமா நிற்குமா என்று சொல்லிவிடுவார். ஆனால் இரண்டு விஷயத்தை அவரிடம் சொல்லியே ஆகவேண்டும். ஒன்று, பிவா நரம்பு மெட்டில் உரசி ஙொய்ங் என்று கார்வையோடு ஒலிப்பதுதான் அதன் உயிர், ஜப்பானிய மொழியில் அதை ‘சவாரி’ என்பார்கள், தம்புராவில் ஜீவாளி வைத்து நாம் வரவழைக்கிற அதே ரீங்காரம். குறை என்று நினைத்து மெட்டைச் சீவினால் போச்சு. இரண்டாவது பசை. நம் பழைய ஆசாரிகள் காய்ச்சிய வஜ்ஜிரம் போன்ற பிராணிப் பசையில்தான் பிவாவை ஒட்டியிருப்பார்கள், சாமிசென் தோலை அரிசிப் பசையில். இரண்டையும் ஈரமும் சூடும் கொடுத்துப் பிரிக்கலாம், நவீனப் பசை வைத்தால் அடுத்து வருகிறவர் மரத்தையே உடைக்கவேண்டும். சாமிசென் தோல் கிழிந்திருந்தால் மிருதங்கத்துக்குத் தோல் போடுபவரிடம் கொண்டுபோகாதீர்கள், அவர் கைத்திறன் பெரியது, ஆனால் அதை முறுக்கேற்றும் விதமே வேறு.

ஜப்பானுக்கு அனுப்புவதற்கு முன்னால் சட்டம். பிருடை, மெட்டு, பிறைத் துளையின் மூடியில் வெளுப்பாக, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய மெல்லிய கோடுகளோடு தெரிந்தால் தந்தமாக இருக்கலாம், ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதில் கடுமையானது, விற்பதற்கோ அனுப்புவதற்கோ முன்னால் வனத்துறையிடம் பேசுங்கள். உயர்ந்த ரக சாமிசென் கழுத்து நம் ஆந்திரக் காட்டுச் செம்மரம், அதுவும் சர்வதேசக் கட்டுப்பாட்டில் உள்ள மரம். செம்மரக் கடத்தலுக்குப் பேர்போன துறைமுகத்தில் அதைச் சாதாரண பார்சலாகப் போடாதீர்கள். மரம் என்ன என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அனுமதி கிடைத்த பிறகு கூரியர்காரரைக் கூப்பிடுங்கள்.

பதில் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை கடல் காற்று அடிக்கிற ஜன்னல் பக்கம் வேண்டாம். பழைய வேட்டியில் சுற்றி, பீரோவின் நடுத் தட்டில், நரம்பைச் சற்றுத் தளர்த்திப் படுக்கவையுங்கள். அடியில் வெள்ளைக் காகிதம் போட்டு வாரம் ஒருமுறை பாருங்கள், புதிதாக மரத்தூள் விழுந்திருந்தால் உளு இன்னும் உயிரோடு இருக்கிறது, அன்றைக்கே ஆசாரியைக் கூப்பிட்டுவிடுங்கள்.